ரிட்டர்ன் தேதி முடியட்டும்

நான் கெடுத்தேனா? யக்கா, அந்த வார்த்தைய இன்னொரு தடவ நல்லா சத்தமாச் சொல்லுங்க. முன் சீட்ல இருக்கவியளுக்கும் கேக்கட்டும். உங்க தங்கச்சி வாழ்க்கைய நான் கெடுத்தேன். சரி. எத வச்சுக் கெடுத்தேன்? ஒரு டிரைவ வச்சு. எடுத்த படத்தச் சேத்து வைக்குத, உள்ளங்கையில அடங்குற சாமான். இந்தா என் பையிலதான் இருக்கு, பெட்டியோட. இதுல ஒரு குறை சொல்லுங்க, நான் அடுத்த ஸ்டாப்புல இறங்கிப் போயிருதேன்.

சொல்ல முடியாதுல்லா.

அண்ணாச்சி, எனக்கும் ஒரு டிக்கெட். எங்கயா? இவிய எங்க இறங்குதாவளோ அங்க. ஆலங்குளமா? அப்ப ஆலங்குளம். சில்லறை இல்ல, இருந்தா குடுங்க, இல்லன்னா பின்னாடி எழுதிக் குடுங்க. எனக்கு ஆலங்குளத்துல ஒரு சோலியும் கிடையாது. ஹாஸ்டல் வாசல்லயே பேசி முடிச்சிருக்கலாம். நீங்கதான் பஸ்ஸுக்கு நேரமாச்சு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பெட்டியத் தூக்கிட்டு ஓடுனிய. நான் பாதிப் பேச்சுல விடுற ஆளு இல்ல. பஸ்ஸுன்னா பஸ்ஸு.

அவளப் பாருங்க. மூணாவது சீட்ல, ஜன்னல் பக்கம். காதுல மாட்டிக்கிட்டு ஷட்டரப் பாத்துக்கிட்டு இருக்கா. மழைக்கு ஷட்டர எறக்கி விட்டிருக்கு, அதுல என்னத்தப் பாக்கா? தகரத்தப் பாக்கா. என் மூஞ்சியப் பாக்குறதுக்குத் தகரம் தேவலைன்னு ஆயிட்டு.

நீங்க என்ன அத்தை திரும்பித் திரும்பிப் பாக்கிய? கேக்கணும்னா நேரா கேளுங்க. பூக்கூடைய மடியில வச்சுக்கிட்டு கழுத்து வலிக்கும். இவியளும் கேக்கட்டும் யக்கா, ஒரு பொது ஆளு இருக்கது நல்லதுதான். நான் மொதல்லருந்தே சொல்லுதேன்.

நாங்க மூணு பேரு அத்தை. பாளையங்கோட்டைல காலேஜ், விஸ்காம், கடைசி வருசம். படம் எடுக்குற படிப்பு. நான் முப்பிடாதி, டைரக்டர். அந்தா தகரத்தப் பாக்காளே, ஜெபசெல்வி, அவ கேமரா. இவிய அவளுக்கு அக்கா, ஸ்டெல்லா அக்கா. மூணாவது இசக்கிராஜான்னு ஒருத்தன், எடிட்டிங். அவனப் பத்தி அப்புறம் சொல்லுதேன், அவன நெனச்சாலே எனக்கு எரியுது.

படம் என்னன்னா, குத்தாலத்துல பொம்பளையாளுக குளிக்கிற பக்கம். பதறாதிய, குளிக்கிறத யாரும் எடுக்கல. அங்க கேமராவே கொண்டு போகக் கூடாது. குளிச்சிட்டு, துணி மாத்திட்டு, தலையத் துவட்டிக்கிட்டு வெளிய வாராவள்ளா, அந்த இடம். அங்க நின்னு, எடுத்துக்கிடலாமான்னு கேட்டு, சரின்னவியள மட்டும் எடுக்கது. ஒரே கேள்விதான். எப்படி இருந்துச்சு? அவ்வளவுதான். உதடு நடுங்கும். பல்லு தந்தியடிக்கும். அப்படியே ஒரு சிரிப்பு வரும் பாருங்க. வீட்டுல அந்தச் சிரிப்பு சிரிச்சா கோட்டி புடிச்சிட்டுன்னு சொல்லிருவாவ. ஒரு அம்மா, தூத்துக்குடிப் பக்கம், எப்படி இருந்துச்சும்மான்னு கேட்டா, "யாரும் என்னைக் கூப்பிடல"ன்னு சொன்னாவ. அருவிச் சத்தத்துல யாரு கூப்பிட்டாலும் கேக்காதாம். அது போதும்னுட்டுப் போயிட்டாவ. அத எடுத்தது ஜெபா. அந்தக் கேள்வியும் அவ கேள்விதான். டைரக்ஷன் நான்.

ஆனி, ஆடி, ஆவணி. சாரல் இருக்க வரைக்கும் ஓடுனோம். சனி ஞாயிறு ஆனா தென்காசி பஸ்ஸு.

இப்ப டிரைவுக்கு வாரேன். எடுத்ததெல்லாம் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்ல போட்டு வச்சோம். ஜெபாவோட அத்தான், அதான் இவிய வீட்டுக்காரரு, ஆலங்குளத்துல கல்யாண ஸ்டுடியோ வச்சிருக்காருல்லா, அவரு வேண்டாம்னு போட்டு வச்சிருந்தது. அது உள்ள தட்டு சுத்துற டிஸ்க்கு. ஆடி மாசத்துலயே டிக் டிக்னு ஒரு சத்தம். எடிட்டிங் ரூம்ல மூணு பேரு இருந்தோம், யாருக்குக் கேட்டுச்சு? எனக்குத்தான் கேட்டுச்சு. நான்தான் காத வச்சுப் பாத்துட்டு, இது சாகப் போவுது, தட்டே இல்லாத புது டிரைவு, எஸ்.எஸ்.டி. ஒண்ணு வாங்கணும்னு சொன்னேன். யக்கா, நல்லா கேட்டுக்கிடுங்க. கண்டுபிடிச்சது நான். வாங்கணும்னு சொன்னது நான். கெடுத்தவளும் நான்னா அது எப்படி சேரும்?

மூணு பேரும் காசு போட்டோம். காசு என்கிட்ட இருந்துச்சு. அன்னைக்கு சாயங்காலமே ஜெபா என்னை பக்கத்துல இருக்க வண்ணார்பேட்டைல ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு இழுத்துட்டுப் போனா. கண்ணாடி அலமாரில ஒரு நீலப் பெட்டி. சின்ன சைஸ், ஒரு டெரா, வயரு உள்ளயே இருக்கு, ஃபோன்ல கூட மாட்டலாம். "முப்பி, இது போதும்ட்டி. இன்னைக்கே காப்பி போட்டுருவோம்"னா.

இது போதும்னு எத வச்சு சொல்லுத? கேக்கணுமா வேண்டாமா? கேட்டேன். அந்தக் கடைக்காரரு கிட்டயே கேட்டேன். இதுக்குள்ள இருக்க சிப்பு மூணு பிட்டா, நாலு பிட்டான்னேன். அத்தை, உங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லுதேன். ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்கு மூணு பேருன்னு வச்சுக்கிடுங்க, நிம்மதியா இருக்கலாம். அதே ரூம்ல நாலு பேர அடைச்சா விலை கொறையும், ஆனா கதவு சீக்கிரம் தேயும், பக்கெட்டு காணாமப் போவும், தெனமும் சண்டை. இந்த டிரைவுலயும் அப்படித்தான். வெல கம்மின்னா நாலு பேர அடைச்சிருக்கான்னு அர்த்தம். கொஞ்ச நேரம் வேகமா ஓடும், நிறைய ஃபைல் ஒண்ணாப் போட்டா மாடு மாதிரி படுத்துக்கிடும். இதெல்லாம் எந்தப் பெட்டி மேலயும் எழுத மாட்டான். நாமதான் தேடணும். நான் தேடுனேன். அதுவா குத்தம்?

கடைக்காரரு, "பாப்பா, எம்புட்டு பேரு வாங்கிட்டுப் போறாவ, ஒருத்தரும் திரும்ப வந்ததில்ல"ன்னாரு. ஏன் வரலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், வெறுத்துப் போயிக் கூட வராம இருந்திருக்கலாம்லான்னேன். அவரு அடுத்த ஆளப் பாக்கப் போயிட்டாரு. ஜெபா என் கையப் புடிச்சு வெளிய கூட்டிட்டு வந்துட்டா. வழி பூரா நான்தான் பேசிக்கிட்டு வந்தேன்.

அப்புறம் நான் சும்மா இருந்தேனா? ராப்பகலா பாத்தேன் யக்கா. ஒரு வீடியோ விடல. ரெடிமேடா வாங்குனா டப்பாவுக்கும் சேத்துக் காசு வாங்குதான். உள்ள இருக்க சிப்புக் குச்சியத் தனியா வாங்கி, டப்பாவத் தனியா வாங்கி நாமளே மாட்டுனா மிச்சம்னு ஒருத்தன் சொல்லுதான். இன்னொருத்தன் அப்படி மாட்டுனா சூடாவும்கான். கேரண்டி மூணு வருசமா அஞ்சு வருசமா. எம்புட்டு எழுதுனா சாவும்னு கம்பெனிக்காரன் ஒரு கணக்குக் குடுத்திருப்பான், அது எம்புட்டு. எல்லாத்தையும் க்ளாஸ் குரூப்புல போட்டேன், ஓட்டெடுப்பு வச்சேன். ஒருத்தனும் ஓட்டுப் போடல. ஜெபா மட்டும் நீலப் பெட்டிக்குப் போட்டா. ஒரு ஓட்ட வச்சு எப்படி முடிவு பண்ண முடியும்?

இசக்கிராஜா இருக்கானே. அவன் என்ன சொன்னான் தெரியுமா? நான் ஒரு வழியா ஒண்ணத் தேர்ந்தெடுத்து, நாளைக்கு ஆர்டர் போடப் போறேன்னேன். "நாளைக்கு அஷ்டமி, மறுநாள் நவமி, அதுக்கப்புறம் போடு"ங்கான். ஏலே, அமெரிக்காக்காரன் செஞ்ச சிப்புக்கு என்னலே அஷ்டமி? அவன் தாலி கட்டப் போறானா? "எங்கம்மா சொன்னாவ"ங்கான். உங்கம்மாவ வந்து எடிட் பண்ணச் சொல்லுன்னேன். ரெண்டு நாளு போச்சு யக்கா, அந்தக் கோட்டிக்காரனால. ரெண்டு நாளு. அத யாரும் கேக்க மாட்டேங்கியளே. அவன் பேரச் சொல்லி ஒருத்தரும் வையல. தாமசத்துக்குக் காரணம் யாருன்னு கேட்டா முப்பிடாதி.

இல்ல, அந்த ரெண்டு நாளு கழிச்சு நான் ஆர்டர் போடல. ஏன் போடல? சொல்லுதேன், இருங்க. அதுக்குள்ள சுதந்திர தின சேல் வரப் போவுதுன்னு தெரிஞ்சிட்டு. யாராவது சேலுக்கு ரெண்டு நாளு முன்னாடி வாங்குவாவளா? சேல் வந்துச்சு. நான் குறிச்சு வச்சிருந்தது மட்டும் கொறையல. அப்ப அடுத்தது பூசை நேரத்துப் பெரிய சேல், அதுல கண்டிப்பா கொறையும். விலையோட ஏத்த எறக்கத்தப் படமாப் போட்டுக் காட்டுத ஒரு தளம் இருக்கு, அதுல வருசா வருசம் அப்படித்தான் கோடு போவுது. கோட்டப் பாத்துட்டுச் சொல்லுதேன் நான். அவன் காலண்டரப் பாத்துட்டுச் சொல்லுதான். ரெண்டும் ஒண்ணா? நீங்க ஏன் சிரிக்கிய அத்தை?

இதுக்கு நடுவுல சூட்டிங் நிக்கல. எங்க கிட்ட இருந்தது ரெண்டே ரெண்டு மெமரி கார்டு. கார்டு நிறையும், பழைய டிஸ்க்ல எறக்குவோம், கார்ட அழிச்சிட்டு மறுபடியும் எடுப்போம். காலேஜ்ல ஒரு சட்டம் சொல்லிக் குடுத்திருக்காவ: ரெண்டு எடத்துல காப்பி இல்லாம கார்ட அழிக்கக் கூடாது. ஜெபா அதச் சொன்னா. ஒத்துக்கிடுதேன், சொன்னா. "ஒரு கார்டு மட்டும் சேத்து வாங்கிக்கிடுவோமா முப்பி"ன்னும் கேட்டா. கார்டுல காசப் போட்டா டிரைவுக்கு எங்க போவ? அன்னைக்கு நல்ல தண்ணி, நல்ல கூட்டம், வெளிச்சம் வேற எறங்கிக்கிட்டு இருக்கு. கார்ட அழிட்டின்னேன். அழிச்சா. நான் சொன்னா அவ கேப்பா. அதுதான் எங்களுக்குள்ள இருந்த ஒத்துமை. எங்களப் பாத்து க்ளாஸே பொறாமப்படும்.

அவ டிஸ்க்கத் துண்டுல சுத்தி, தலமாட்டுல வச்சுப் படுப்பா. அது சத்தம் போட்டா எந்திரிச்சு உக்காந்துக்கிடுவா. நான் சொல்லுவேன், படுட்டி, பெரிய சேல் வரட்டும்.

வந்துச்சு. வாங்குனேன்.

எதையா? நீலப் பெட்டியத்தான்.

ஆமா, அதே நீலப் பெட்டிதான். அதுக்கு என்ன இப்ப? அவ வாங்கச் சொன்னது கண்ணாடி வழியாப் பாத்துட்டு. நான் வாங்குனது எல்லாத்தையும் பாத்துட்டு. மூணு பிட்டு சிப்புத்தான் உள்ள இருக்கு, நான் ஒரு ஆளு அதக் கழட்டிப் போட்ட வீடியோ பாத்து உறுதி பண்ணிக்கிட்டேன். ரெண்டு பேரும் ஒரே ஊருக்குத்தான் போனோம், ஆனா நான் வழி கேட்டுட்டுப் போனேன். விலை? வண்ணார்பேட்டைல இருந்தத விடக் கொஞ்சம் கூடத்தான். அது உலகம் பூரா மெமரி விலை ஏறிட்டு யக்கா. அதுக்கும் நான்தான் காரணம்னு சொல்லிருவிய போல.

இப்பத்தான் முக்கியமான இடம். டிரைவு வந்துட்டு. ஜெபா பழைய டிஸ்க்கு வயர எடுத்துட்டு லேப்டாப்பத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நான் பிரிக்காதன்னேன். ஏன் சொன்னேன்? பத்து நாளு ரிட்டர்ன் இருக்கு. சேல் இன்னும் முடியல. கடைசி நாள்ல இன்னும் கொறைப்பான், அப்ப இத சீல் பிரிக்காமத் திருப்பிக் குடுத்துட்டு அதே சாமான கம்மி விலைக்கு வாங்கலாம். சீல் கிழிஞ்சா வாங்க மாட்டான். இது தெரியாமத்தான் எல்லாரும் ஏமாறுதாவ. ரிட்டர்ன் தேதி முடியட்டும், அப்புறம் நிம்மதியாக் காப்பி போடுன்னேன். இத்தன நாளு பொறுத்தவளுக்கு இது பொறுக்க முடியாதா? அவ பொறுத்தா. லேப்டாப்ப மூடி வச்சிட்டா. அவ்வளவுதான் நடந்துச்சு. சண்டையா போட்டா? இல்லையே. சம்மதிச்சாள்ளா.

அதுக்குள்ள ஆயுத பூசை வந்துட்டு. டிபார்ட்மென்ட்ல கேமரா, லைட்டு, ட்ரைபாடு, எல்லாத்தையும் கழுவித் தொடச்சு மேசைல அடுக்கி, சந்தனம் குங்குமம் வச்சு, பொரி கடலை படைச்சு, சரஸ்வதி முன்னாடி வைப்பாவ. மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது. நான் இதுக்கெல்லாம் போவ மாட்டேன், பொரி குடுக்கும்போது மட்டும் போவேன். போயிப் பாத்தா, என் நீலப் பெட்டி கேமராவுக்கும் வாழப்பழத்துக்கும் நடுவுல உக்காந்திருக்கு. இசக்கிராஜா என் ரூம் பிள்ளைக கிட்டக் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கான். "புதுச் சாமான்லா, பூசையில வைக்காண்டாமா"ங்கான். நல்லா கொழகொழன்னு சந்தனம். அதுவும் எங்க? சீலுக்கு மேலயே. அதுக்கு மேல குங்குமம்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஏலே மூதி, குங்குமம் வச்ச பெட்டிய எவன்லே ரிட்டர்ன் எடுப்பான்? மேடத்துக்கு முன்னாடியே கேட்டேன். தொடச்சுக் குடுன்னா, அட்டைல ஊறிட்டுங்கான். பூசை முடிஞ்சு மறுநாள் பூரா எனக்கு அவன் கூடத்தான் மல்லுக்கட்டு. கம்பெனிக்காரன் எடுக்கலன்னா நீதான் இதுக்குப் பொறுப்புன்னு எழுதி வாங்கிட்டேன். குரூப்புல போட்டேன். அவன் மன்னிப்புக் கேட்டான். எனக்கு மன்னிப்பு வேண்டாம், அந்தச் சீலு பழையபடி வேணும்னேன்.

ஜெபா நடுவுல வந்து, "சரி முப்பி, இனிம ரிட்டர்ன் போவாதுல்லா, பிரிச்சிருவோமா"ன்னா. பொறுட்டி, நான் ஈரத்துணி போட்டுத் தொடச்சு, வெயில்ல காய வச்சுப் பாக்கேன்னேன். மொட்டமாடில காய வச்சேன். இந்தா பாருங்க, லேசா ஒரு மஞ்சக் கறை, அவ்வளவுதான். நல்லாத்தான் போச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் அவ பழைய டிஸ்க்க மாட்டுனா. சும்மா பாக்க. அந்தத் தூத்துக்குடி அம்மாவப் பாக்கணும்னா. டிக். டிக். டிக். அப்புறம் அதுவும் இல்ல. சத்தமே இல்ல.

நான் என்னெல்லாம் பண்ணுனேன் தெரியுமா. வயர மாத்துனேன். வேற லேப்டாப்ல போட்டேன். மதுரைல ஒரு ரெக்கவரி கடைக்கு நானே தூக்கிட்டுப் போனேன். அவரு தொறந்து பாத்துட்டு, தட்டுல கோடு விழுந்துட்டு, ஒண்ணும் எடுக்க முடியாதுன்னுட்டாரு. சத்தம் எப்பலருந்து வந்துச்சுன்னு கேட்டாரு. ஆடிலருந்துன்னேன். அவரு என்னைப் பாத்தாரு பாருங்க ஒரு பார்வை. அந்தாள்கிட்டயும் நான் நல்லா கேட்டுட்டுத்தான் வந்தேன்.

திரும்பி வந்து ஜெபாகிட்ட சொன்னேன். அழுவான்னு பாத்தேன். இல்ல, என்னைய வைவான்னு பாத்தேன். "சரி"ன்னா. "துணி ஊறப் போட்டிருக்கேன், அலசிட்டு வாரேன்"னு பக்கெட்டத் தூக்கிட்டுப் போயிட்டா. அன்னைலருந்து இப்படித்தான். சோறு வாங்குவா, எனக்கும் சேத்து வாங்கி வைப்பா, உக்காந்து திம்பா. பேச்சு மட்டும் இல்ல. வஞ்சா பதில் சொல்லலாம் யக்கா. பேசாம இருக்கவ கூட எப்படிச் சண்ட போட?

தெரியும். சென்னை விசயம் தெரியும். நீங்க ஒண்ணும் எனக்குப் புதுசாச் சொல்ல வேண்டாம். கடைசி செமஸ்டர் பூரா எங்கயாவது போய் வேலை பழகணும் அத்தை, அதுதான் படிப்பு. அவளுக்கு சென்னைல டாக்குமென்டரி எடுக்குற ஒரு ஆபீஸ்ல எடம் தாரோம்னாவ. ஒரே ஒரு நிபந்தனை, நீ எடுத்ததக் கொண்டு வா, வெட்டாம, பாட்டுப் போடாம, எடுத்தது எடுத்தபடி கொண்டு வான்னாவ. கொண்டு போக என்ன இருந்துச்சு? ஒண்ணும் இல்ல. சாரலும் முடிஞ்சிட்டு, மறுபடி எடுக்கணும்னா அடுத்த ஆனி. அதுவரைக்கும் யாரு காத்திருப்பா. அந்த எடத்துக்கு வேற பையன் போயிட்டான். இப்ப அவ ஆலங்குளத்துல அத்தான் ஸ்டுடியோல உக்காந்து கல்யாண ஆல்பத்துக்குப் பூப்போடப் போறா. அதான் பெட்டி படுக்கையோட கூட்டிட்டுப் போறிய. நீங்க சொன்னத நானே சொல்லிட்டேன், போதுமா?

ஆனா ஒண்ணு. டிஸ்க் யாரோடது? உங்க வீட்டுக்காரரோடது. நல்ல டிஸ்க்க ஒருத்தன் வேண்டாம்னு குடுப்பானா? அத நான் எங்கயாவது கேட்டேனா? கேக்கணும்னு இருந்தேன். நாகரிகம் பாத்து விட்டுட்டேன்.

என்ன ஃபோன நீட்டுதிய? என்ன அது?

இது நீங்கள்ளா.

இது எப்படி உங்ககிட்ட இருக்கு? அன்னைக்கே அனுப்புனாளா? எனக்குச் சொல்லவே இல்லையே. குடுங்க யக்கா. குடுங்க, அழிச்சிர மாட்டேன். பாத்துட்டுத் தாரேன்.

ஞாபகம் இருக்கு. பிள்ளைகள மாமியாகிட்ட விட்டுட்டு நீங்க குத்தாலத்துக்கு வந்த அன்னைக்கு. தல பூரா தண்ணி. ஜெபா எப்படி இருந்துச்சுக்கான்னு கேக்கா. நீங்க பதில் சொல்ல வாயத் தொறக்கிய, சிரிப்பு வந்துருது. மறுபடி தொறக்கிய, மறுபடி சிரிப்பு. கடைசி வரைக்கும் பதிலே சொல்லல நீங்க. ஜெபாவும் கேமராவ நிப்பாட்டாமப் புடிச்சிக்கிட்டே நிக்கா. ஆடல பாருங்க, கை கொஞ்சமும் ஆடல. கூட அவளும் சிரிக்கா, சத்தம் கேக்கு, ஆனா படம் ஆடல.

இதப் பாத்துட்டுத்தான் சென்னைக்கு அனுப்ப வீட்டுல பேசுனேன்கியளா. நீங்களா பேசுனிய?

எனக்கு அது தெரியாது. யாரும் சொல்லல.

படம் தேஞ்சுபோயிருக்கு. வாட்ஸ்அப்ல அனுப்புனா அப்படித்தான், பாதியாக் கொறச்சிருவான். முடில தண்ணி சொட்டுறது கூட கட்டம் கட்டமாத் தெரியுது. ஒரிஜினல்ல அது ஒவ்வொரு சொட்டாத் தெரியும். சரி. இருக்கட்டும். இருக்கது இதுதான். ஃபோன்ல வச்சிருக்காதிய யக்கா. ஃபோன் தொலையும், பிள்ளைக தண்ணில போடும். இருங்க.

அத்தை, இந்தப் பெட்டியக் கொஞ்சம் புடிங்க. சீல் எங்க இருக்கு, இந்தா இந்தக் கறைக்கு அடியில. கிழிச்சிருதேன். கிழிச்சிட்டேன். ரிட்டர்ன் தேதிதான் எப்பவோ முடிஞ்சிட்டே. இந்தா வயரு. ஃபோன்ல நேரா மாட்டலாம், நான் அதெல்லாம் பாத்துத்தான் வாங்குனேன். லைட்டு எரியுது பாத்தியளா. ஒரு டெரா, பூராவும் காலி. ஒரு ஃபைலு போடுதேன். போட்டாச்சு. அம்புட்டுத்தான் யக்கா. கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள. பஸ்ஸு ஒரு குழியில எறங்கி ஏறதுக்குள்ள முடிஞ்சிட்டு. இதத்தான் நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். இந்த வேகம் எந்த டிரைவுல வரும்? சொல்லுங்க.

நீங்க சொல்லாண்டாம். அவ சொல்லட்டும்.

ஏட்டி ஜெபா. காதுல இருக்கதக் கழட்டு. அதுல பாட்டு ஓடலைன்னு எனக்குத் தெரியும், உன் ஃபோன் சார்ஜ் காலைலயே போயிட்டு. அண்ணாச்சி, டிரைவர்கிட்டச் சொல்லி பஸ்ஸுல ஓடுத பாட்டக் கொஞ்சம் நிப்பாட்டுங்க. ஒரு நிமிசம். ஆங். இப்ப பஸ்ஸே கேக்கு. நீ என்கிட்டச் சொல்ல வேண்டாம், குரூப்புலயும் போட வேண்டாம். இங்க இருக்க எல்லாரு முன்னாடியும் சொல்லு. நீ சொன்ன அதே நீலப் பெட்டி. அதே சைஸ். நான் பாத்துப் பாத்து வாங்குனேன். உனக்குத்தான் வாங்குனேன்.

திரும்புட்டி. தகரத்தப் பாத்துக்கிட்டு இருக்காத. வாயத் தொறந்து சத்தமாச் சொல்லு, பின் சீட்டுக்கும் கேக்கணும்.

இது நல்ல டிரைவா, இல்லையா?